இங்கே ஆசீர்வாதம் கிடைக்காது

தென்றலை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு பௌர்ணமி அன்று, அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத்துத் தள்ளுவண்டிக் கடையில். எனக்கு நல்ல பசி. கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. முன்னால் நின்றவர் வெறுங்காலோடு நடந்து வந்தவர், நெற்றி நிறைய விபூதி. நூறு ரூபாய்த் தாளை இரண்டு கையாலும் நீட்டித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா."

"எத்தினி இட்லி?"

"இட்லி இல்லம்மா. உங்க கையால தலையத் தொட்டு…"

"கையெல்லாம் மாவு. தலையில வெச்சா நாளைக்குப் புளிச்சிடும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. தென்றல் விடவில்லை.

"சாமி மலையாவே நிக்கிறாரு, அவரச் சுத்தி வர்றீங்க. அவரு குடுக்காததையா இட்லிக்காரி நான் குடுத்துடப் போறேன்? காரச் சட்னி கீது, வேர்க்கடலைச் சட்னி கீது. இன்னா வேணும், சொல்லுங்க."

அவர் நான்கு இட்லி சாப்பிட்டார். மீதிச் சில்லறையை வேண்டாம் என்று கையை ஆட்டினார். தென்றல் வண்டியைச் சுற்றி வந்து அவர் சட்டைப் பையிலேயே போட்டாள். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த ஃபோன் அத்தனையையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

தென்றல் ஒரு திருநங்கை. எங்கள் பக்கத்தில் திருநங்கை என்றால் இரண்டே இடம்தான். ஒன்று சாமி, இல்லாவிட்டால் சனியன். காலையில் குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் போட்டுத் தலையில் கை வைக்கச் சொல்கிறவர்தான், சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டு வருவார். இரண்டுக்கும் நடுவில், பக்கத்து வீட்டுப் பொம்பளை, இட்லிக்காரி, வாடிக்கைக்காரி, அக்கா என்று எத்தனையோ இடம் இருக்கிறது. அந்த நடு இடத்தைத்தான் தென்றல் கேட்டாள். கெஞ்சிக் கேட்கவில்லை, அதட்டிக் கேட்டாள்.

அவள் பிறந்தது அடி அண்ணாமலையில்தான். மானாவாரியில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே வீட்டில் அடி தாங்காமல் சென்னைக்குப் போய்விட்டாள். அங்கே கடை கடையாகக் கை தட்டிக் காசு வாங்கியதை அவள் மறைப்பதில்லை. "பசிச்சிது, கேட்டேன். குடுத்தாங்க, தின்னேன். இதுல அழறதுக்கு இன்னா கீது?" என்பாள். அப்பா செத்தபோதுதான் புடவையோடு ஊருக்குத் திரும்பி வந்தாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, அம்மா எல்லம்மாள் அவளைப் பார்த்து ஒரே பேச்சுத்தான் பேசினாள்.

"போறதுன்னா இப்பவே போயிடு. இருக்கறதுன்னா எழுந்து மாவாட்டு."

தென்றல் மாவாட்டினாள். அப்படி ஆரம்பித்ததுதான் கடை. தம்பி வளவன் அப்போது ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான். காலையில் அவன்தான் தண்ணீர்க் குடத்தை வண்டியில் ஏற்றிவிட்டுப் போவான்.

கடை போட்டால் ஆள் வரவேண்டுமே. வந்தார்கள், ஆசீர்வாதத்துக்கு. இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும், ஆட்கள் காசை வைத்துத் தலையைக் காட்டுவார்கள். இட்லியை மட்டும் பக்கத்து வண்டியில் போய் வாங்கித் தின்பார்கள். ஒருநாள் ஆத்திரத்தில் ஃபோனை டப்பாவில் சாய்த்து வைத்துக் காரச் சட்னி அரைப்பதை அப்படியே எடுத்து யூடியூபில் போட்டாள். சேனலுக்குப் பெயர் 'தென்றல் கடை'. சட்னி எப்படி அரைப்பது என்பதைத் தவிர அந்த வீடியோவில் வேறொன்றும் இல்லை. கீழே முதலில் வந்த கமெண்ட்: "நீ செஞ்சத எவன் திம்பான்?"

மறுநாள் வீடியோவில் தென்றல் ஒரு தட்டில் மூன்று இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கமெண்டைச் சத்தமாகப் படித்தாள். "நான் திம்பேன்" என்றாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் மூன்றையும் சாப்பிட்டு, விரலைச் சப்பி, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஃபோனை அணைத்தாள். அந்த வீடியோதான் ஊர் ஊராகப் போனது.

அதற்குப் பிறகு அவள் எதையெல்லாமோ போட்டாள். ரேஷன் கடை வரிசை. சிலிண்டர் வராமல் விறகு அடுப்பு மூட்டிக் கண் எரிந்த நாள். எல்லம்மாளும் அவளும் தண்ணீர்க் குழாயில் போட்ட சண்டை, அம்மா முகம் காட்டாமல் குரல் மட்டும். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது. அழுகிற வீடியோ ஒன்றுகூட இல்லை. சென்னையிலிருந்து ஒரு பெரிய சேனல்காரர்கள் காரில் வந்து, மைக்கை மாட்டி, "உங்க வாழ்க்கையோட வலியை எங்க நேயர்களுக்குச் சொல்லுங்க" என்றார்கள்.

"நின்னு நின்னு முட்டிதாங்க வலிக்குது. சாயங்காலம் ஆனா ஜாஸ்தி."

அவர்கள் சோக இசையைப் போட வழியில்லாமல் திரும்பிப் போனார்கள்.

திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் திட்டு மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில் தென்றல் ஃபோனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். "யம்மா, இதப் பாரு, ஒரு பொம்பள என்னத் திட்டிக்கீது!" கமெண்டில் இப்படி இருந்தது: "ஏம்மா, நீ சொன்ன அளவு உப்பு போட்டேன், சட்னி வீணாப் போச்சு. ஒழுங்கா அளவு சொல்லத் தெரியாதா?"

"இதுல சிரிக்க இன்னாடி கீது?" என்றாள் எல்லம்மாள்.

"உப்புக்குத் திட்டுறாங்கம்மா. எனக்கு இல்ல, உப்புக்கு!"

இன்னொரு கமெண்ட் சேத்துப்பட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் எழுதியது. என் பிள்ளையும் உங்களைப் போலத்தான், வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன், சட்னி பார்க்க வந்தேன், ஏனோ எழுதத் தோன்றியது என்று. தென்றல் பதில் போட்டாள்: "நம்பர் இருந்தா மொதல்ல ஃபோன் அடிங்க. சட்னி எங்கியும் ஓடிப்போகாது."

வளவன் படித்து முடித்து, டவுனில் பைக் சர்வீஸ் கடை ஒன்றில் மெக்கானிக் ஆனான். அவனுக்குப் பெண் பார்த்தது பெரியப்பா சக்கரவர்த்தி. அப்பா இல்லாத வீட்டில் முன்னே நின்று செய்கிறவர் அவர்தான். போளூர்ப் பெண், பெயர் வினோதினி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண் பார்க்கப் போன அன்று தென்றலுக்குப் பௌர்ணமிக் கடை. அந்த நாளாகப் பார்த்துத்தான் பெரியப்பா குறித்திருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

பெண் பார்த்த அன்றே நிச்சயமும் முடிந்தது. அதன் பிறகுதான் பெரியப்பா கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. பைக்கில் இருந்தபடியே பேசினார்.

"கல்யாணத்துக்கு நீ வராம இருப்பியா? தாராளமா வா. வாசல்ல நின்னு பொண்ணு மாப்பிளைக்குத் திருஷ்டி சுத்திப் போடு, தலையில கை வெச்சி ஆசீர்வாதம் பண்ணு. உங்க ஆளுங்க வாக்குப் பலிக்கும்னு எல்லாருக்கும் நம்பிக்க. எனக்கும்தான்."

"சரி பெரியப்பா. மேடையில?"

"மேடையில நம்ம சினேகா நிக்கட்டும்." சினேகா அவருடைய மகள். "விளக்கு புடிச்சி, முடிச்சு போட்டு, நாத்தனார் மொற எல்லாத்தையும் அவ செஞ்சிடுவா. அவளும் வளவனுக்கு அக்காதான?"

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கயிற்றின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் பெண்ணின் பின்னால் நின்று போடுவாள். அந்தக் கயிற்றைத் தொடுகிறவள்தான் அந்த வீட்டு மகள். அதை ஊரே பார்த்துக்கொள்ளும், வேறு சாட்சி வேண்டாம்.

தென்றல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சினேகா போடட்டும், அவளுக்குச் சொந்தத் தம்பி பொறந்தா. எந்தம்பி கல்யாணத்துல எனக்குச் சாமி வேஷம் வேணாம் பெரியப்பா. நாத்தனார் வேல வேணும்."

"பொண்ணு வூட்டுல சம்மதிக்கணும் இல்ல?"

"கேட்டீங்களா?"

பெரியப்பா பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

பதில் சொல்லாமல் போனதை, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பதாக எடுத்துக்கொண்டதுதான் தென்றல் செய்த தப்பு. அவளுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. ஒரு கல்யாணத்திலும் அவளை மேடை ஏற்றியவர் கிடையாது, பார்த்துப் பழக வழியில்லை. அதனால் ஒரு முழம் மஞ்சள் கயிறு வாங்கி வந்து, கடைக்குத் தண்ணீர் எடுக்கிற பித்தளைக் குடத்தை முன்னால் வைத்து, அதன் கழுத்தில் கட்டிக் கட்டிப் பழகினாள். வழக்கம்போல அதையும் வீடியோ எடுத்துப் போட்டாள். "எந்தம்பி வளவனுக்குக் கல்யாணம். பொண்ணு போளூரு. நான்தான் நாத்தனார். இந்தக் கொடம்தான் இப்போதைக்கு மணப்பொண்ணு. வெக்கப்படாம நில்லும்மா."

பெண் வீட்டில் பெரியப்பா சொல்லி வைத்திருந்தது வேறு. மாப்பிள்ளை ஒரே பிள்ளை, கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று.

மறுநாள் மதியம் வளவன் கையெல்லாம் கிரீஸோடு கடைக்கு வந்து நின்றான். முகம் செத்திருந்தது.

"அக்கா, அந்த வீடியோவ எடுத்துடு."

"ஏன்?"

"போளூர்ல இருந்து ஃபோன் மேல ஃபோன். பெரியப்பா குதிக்கிறாரு. கல்யாணமே நின்னுடும் போலக்குது. எடுத்துடுக்கா. கல்யாணம் முடியட்டும், அப்புறமா நானே எல்லாத்தையும் பேசிக்கிறேன்."

"கூடப்பொறந்தவங்க யாருன்னு அவங்க கேட்டப்ப நீ இன்னா சொன்ன?"

"பெரியப்பா பேசினாரு. நான் ஒண்ணும் சொல்லல."

"அதான் கேக்கறேன். நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

வளவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். அவன் பயந்தவன், கெட்டவன் இல்லை. அது தென்றலுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை, ஏறத்தான் செய்தது. ஃபோனை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"எடுக்க மாட்டேன்டா. நீ ஒண்ணு பண்ணு. என் மூஞ்சப் பாத்து, இவ எனக்கு அக்கா இல்லன்னு சொல்லு. அதையும் வீடியோவா போடறேன். அப்புறம் ரெண்டையும் பாத்துட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்."

அவன் காலியான குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வந்து வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எல்லம்மாளும் மகளோடு பேசவில்லை. கல்யாணம் நின்றால் பழி தன் தலையில்தான் விடியும் என்பது தென்றலுக்கு நன்றாகத் தெரியும். தம்பி வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று ஊர் சொல்லும். ஃபோனைப் பல முறை கையில் எடுத்தாள். அழிக்கிற இடத்தில் விரல் ஒரு தரம் போய்க்கூட வந்தது. ஆனால் ஒருமுறை அழித்துவிட்டால் பிறகு அடுத்த கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று ஒவ்வொன்றுக்கும் தன்னையே அழித்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உளுந்தை ஊறப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில், ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து மூன்று இட்லி கேட்டார். சட்னியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இந்த நெறம் எனக்கு வரவே இல்ல. நீ போடற மொளகாய் நீட்டா, குண்டா?"

"ரெண்டும் பாதிப் பாதி. வீடியோல சொல்லிக்கீறேன் பாருங்க."

"அத எங்க ஒழுங்கா சொன்ன? பேச்சு ஜாஸ்தி, அளவு கம்மி. அன்னிக்கு உப்பு அளவும் அப்படித்தான். சட்னியக் கொண்டுபோய்க் கொட்டுனேன்."

தென்றல் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த உப்புக் கமெண்ட் நீங்களா?"

"நான்தான். பேரு ரேணுகாம்பாள். போளூர்." அந்த அம்மா தண்ணீர் குடித்தார். "வினோதினியோட அம்மா."

இட்லித் தட்டு தென்றலின் கையிலேயே நின்றது. ரேணுகாம்பாள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுகடுப்பும் இல்லை.

"ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன். வீடியோவப் பாத்ததும் எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துது. சட்னி அரைக்கிற பொண்ணு வேற, சம்பந்தி வீட்டுப் பொண்ணு வேறன்னு மனசு சொல்லிச்சி. எங்க வூட்டுக்காரரு இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சிட்டுக்கீறாரு. அவர நான் மாத்த முடியாது. ஆனா வினோதினி ஒரு கேள்வி கேட்டா. ரெண்டு வருஷமா தெனம் பாக்கற, உப்புக்குச் சண்ட போடற, தென்றல் இன்னிக்கு இன்னா பொடவ கட்டிக்கீறான்னு சாப்பாட்டு நேரத்துல என்னையும் கூப்ட்டுக் காட்டற. அவங்க நம்ம வூட்டுக்கு வந்தா மட்டும் யாரோவா ஆயிடுவாங்களான்னு."

"அதுக்கு நீங்க?"

"பதில் இருந்தா அங்கியே சொல்லியிருப்பேன். இல்லாததாலதான் ஆட்டோ புடிச்சி வந்தேன்." கையைக் கழுவினார். "எனக்குக் கோவம் உம்மேல இல்ல. பொய் சொல்லிப் பொண்ணு கேட்டாங்க பாரு, அவங்க மேலதான். அதப் பெரியவர்கிட்ட நேர்ல கேட்டுட்டுத்தான் போவேன். நீ ஒண்ணு கேட்டுக்கோ. கல்யாணத்தன்னிக்கு நீ ஃபோனத் தூக்கினு மேடைக்கு வரக்கூடாது."

தென்றல் அப்போதுதான் சிரித்தாள். "நாத்தனாருக்கு ரெண்டு கையும் வேணும்மா. ஃபோன எதால புடிக்கிறது?"

எழுந்து ஆட்டோவில் ஏறின ரேணுகாம்பாள் தலையை வெளியே நீட்டினார். "அப்புறம், நீ முடிச்சத் தளர்வாப் போடற. கொடத்துல பாத்தேன். அது அவுந்துடும்."

கல்யாணம் டவுனில், செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில். ரேணுகாம்பாள் பேசிவிட்டுப் போன பிறகும் பெரியப்பா விட்டுக்கொடுக்கவில்லை. சம்பந்தியிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, முகூர்த்த நேரத்தில் சினேகாவைப் பட்டுப்புடவையில் பெண்ணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் யார் எழுந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

தென்றல் மேடைப் படியில் காலை வைத்தாள். அதே நேரம் பார்த்து உறவுக்காரப் பெண் ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து குறுக்கே நீட்டினாள். "யக்கா, புள்ளைக்கு ராத்திரியெல்லாம் அழுவ. ஒரு நிமிஷம் தலையில கை வெச்சி…"

"கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

தவிலும் நாதஸ்வரமும் வெடித்தன. அட்சதை பறந்தது. வளவன் கயிற்றைக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டான். இரண்டு நுனியும் அவன் கையில். "விடுடா, சினேகா போடட்டும்" என்றார் பெரியப்பா. வளவன் விடவில்லை.

"அக்கா எங்க?"

"அதான் நிக்கிறாளே சினேகா!"

"எங்கக்கா எங்க பெரியப்பா?"

சினேகாவுக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் இருந்த விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரடி நகர்ந்து நின்றாள். "நான் விளக்கு புடிக்கிறேம்ப்பா. அது போதும்" என்றாள்.

வளவன் குனிந்த வாக்கிலேயே, இரண்டு கையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேளத்துக்கும் மேலே கேட்கிற மாதிரி கத்தினான். "யக்கா! மேல வா! கையி வலிக்குது!"

கீழே குழந்தை இன்னும் குறுக்கே இருந்தது. தென்றல் அதன் கன்னத்தைக் கிள்ளினாள். "டாக்டர்கிட்ட காட்டும்மா, வயிறு வலியா இருக்கும். என்ன வுடு. இப்ப நான் நாத்தனாரு" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினாள். நாதஸ்வரக்காரர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். தவில்காரர் ஒருமுறை நிறுத்தப் பார்த்து, முடிச்சு விழவில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் வெளுத்தார்.

தென்றல் கயிற்றின் இரண்டு நுனியையும் வாங்கிக்கொண்டாள். குடம் அசையாமல் நிற்கும். மணப்பெண் கழுத்தில் வேர்வையும் பூவும் தலைமுடியும். வினோதினி தலையைக் குனிந்தபடியே மெல்லச் சொன்னாள்: "மெதுவா போடுங்கண்ணி. நான் எங்கியும் ஓடிட மாட்டேன்."

இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவதைப் போடும்போது பின்னாலிருந்து ரேணுகாம்பாள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இழுத்துக் கட்டு!"

இழுத்துக் கட்டினாள். வினோதினியின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். ஆனால் கையிலிருந்த அட்சதையைப் போட்டார். பெரியப்பா சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். மேடையில் எல்லோர் கையிலும் ஃபோன் இருந்தது, தென்றல் கையைத் தவிர. அன்றைக்குத் 'தென்றல் கடை'யில் வீடியோ எதுவும் வரவில்லை. மறுநாள் புதினாச் சட்னி வந்தது.

வளவனும் வினோதினியும் இப்போது டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வினோதினியும் நாத்தனாரும் வீடியோவில் எதையாவது வைத்துச் சண்டை போடுகிறார்கள். கமெண்டில் பாதிப் பேர் வினோதினி பக்கம். பெரியப்பா கடைக்கு வருவதில்லை, சினேகா வருகிறாள். தென்றல் அடி அண்ணாமலையில் அதே இடத்தில், அதே வண்டியில் கடை வைத்திருக்கிறாள். பௌர்ணமி அன்று இன்னமும் யாராவது காசை நீட்டித் தலையைக் குனிகிறார்கள். எத்தினி இட்லி என்று கேட்கிறாள்.